பெயின்ட் ஷாப்பில் ஒரு வீட்டு சோப்பு

மண்ணூரில் கிளாராவின் லைன் வீட்டில் முப்பிடாதியைத் தேடி வருகிறவர்களுக்கு யாரும் கதவு எண் சொல்வதில்லை. மாடிப்படி ஏறியதும் எலுமிச்சைப்புல் வாசனை எந்தப் பக்கம் தூக்கலாக அடிக்கிறதோ, அந்தப் பக்கம் திரும்பினால் முப்பிடாதியின் வீடு. ஒன்றரை அறை, ஒரு பரண், ஒரு பீரோ. பீரோவின் தலையில் பழைய செய்தித்தாள் விரித்து வரிசையாக சோப்புக் கட்டிகள் காய்ந்துகொண்டிருக்கும். தரை துடைக்கிற வாளியில் எலுமிச்சைப்புல் எண்ணெய் நாலு சொட்டு, சளி பிடித்தால் தலையணை ஓரத்தில் நீலகிரித் தைலம் ஒரு சொட்டு, பல்வலிக்குப் பஞ்சில் கிராம்பு எண்ணெய், துணிக்குப் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர். "வூடா இது, நாட்டு மருந்துக் கடையா?" என்று கேட்டுக்கொண்டேதான் வீட்டுக்காரி கிளாரா மாதம் நாலு சோப்பு வாங்கிப் போகிறாள்.

முப்பிடாதி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். பிளஸ் டூ முடித்த கையோடு, பள்ளி மைதானத்தில் கம்பெனிக்காரர்கள் நடத்திய நேர்காணலில் தேறி, பதினெட்டு வயதில் பஸ் ஏறி வந்தவள். இப்போது முப்பத்தொன்று ஆகிறது. முதல் கம்பெனியில் பயிற்சிக்காலம் முடிந்ததும் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவதில் கைகூடக் குலுக்கவில்லை. மூன்றாவது, ஒரகடத்தில் கார்களுக்கு பம்பர் செய்கிற கம்பெனி. அங்கே ஏழு வருடமாக இருக்கிறாள், ஆனால் கான்ட்ராக்டில். அதாவது வேலை முழுசாக உண்டு, வேலைக்காரி என்ற பெயர் மட்டும் கிடையாது. இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த மகராசன் எங்கிருந்தாலும் நன்றாகத் தூங்குவான், மற்றவர்கள் தூங்கமாட்டார்கள்.

கணவன் சக்திகுமார் கோவில்பட்டிக்காரன். ஸ்ரீபெரும்புதூரில் வேறொரு கம்பெனியில் ஷிஃப்ட். ஒருவர் உள்ளே வர, ஒருவர் வெளியே போக, மகள் இரண்டு பேர் கையிலும் மாறிமாறி வளர்ந்து ஒன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். கல்யாணமாகி எட்டு வருடத்தில் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த வருடம் தீபாவளி கழிந்ததும் ஏழு பேரை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்றும், அதில் முப்பிடாதியின் பெயரும் இருக்கிறது என்றும் ஒரு பேச்சு கம்பெனி பஸ்ஸில் ஓடியது. அவள் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் கலைந்துபோகும் என்று பயந்தாள்.

அவளுடைய வேலை பம்பரைத் துடைப்பது. கேட்கச் சின்ன வேலை. ஆனால் பெயின்ட் அடிக்கும் அறைக்குள் போவதற்கு முன்னால் ஒவ்வொரு பம்பரையும் ஒரு தூசி, ஒரு விரல் தடம் இல்லாமல் துடைக்க வேண்டும். அதற்கு ஒரு திரவம் கொடுப்பார்கள். சாராய நெடி அடிக்கும். அவள் சேர்ந்த புதிதில் சக்திகுமார் பக்கத்தில் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு வாரம் சந்தேகமாகவே பார்த்தான். கையுறை போட்டுத்தான் துடைப்பார்கள். இருந்தும் உள்ளே வியர்த்து, திரவம் கசிந்து, வேலை முடிந்ததும் கம்பெனியின் ரோஸ் நிற சோப்புத் தண்ணீரில் கழுவிக் கழுவி, மூன்றாம் வருடம் அவள் உள்ளங்கை தோலுரிந்து வெடித்தது. ரசம் சோறு பிசைந்தால் கண்ணில் தண்ணீர் வரும். டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, வேலையை மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். வேலையை மாற்றுவது ஜாக்கெட்டை மாற்றுவது போல என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

சோப்பை மாற்றலாம் என்று முடிவு செய்தவள் முப்பிடாதிதான். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டாள். தேங்காய் எண்ணெய், கொஞ்சம் விளக்கெண்ணெய், காஸ்டிக் சோடா, தண்ணீர். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைக் காஸ்டிக் சோடாவில் ஊற்றக் கூடாது, கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் கிட்டேயே போகக் கூடாது என்பதையெல்லாம் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள். எழுத விட்டுப்போனது ஒன்றுதான்: அலுமினியப் பாத்திரம் ஆகாது. முதல் நாள் சோறு வடிக்கிற அலுமினியச் சட்டியில் கரைத்தாள். சட்டி பொங்கியது, புகைந்தது, கறுத்தது, கடைசியில் அடியில் ஓட்டை விழுந்தது. சத்தம் கேட்டு ஓடி வந்த கிளாரா, "கக்கூஸ் அடைப்புக்குப் போடறத மூஞ்சில தேச்சிக்கப் போறியா?" என்று வாசலிலேயே நின்றுவிட்டாள்.

இரண்டாம் தடவை எவர்சில்வர் பாத்திரம். சோப்பு ஆனது. எண்ணெயில் கொஞ்சத்தை மிச்சம் வைத்துச் செய்வதுதான் அவள் கண்டுகொண்ட சூட்சுமம். அந்த மிச்ச எண்ணெய் தோலை வறளவிடாது. தீபாவளி இனிப்புப் பெட்டியில் ஊற்றி, வெட்டி, ஆறு வாரம் காயவைத்து, பிறகு தேய்த்தாள். இரண்டு மாதத்தில் கை ஆறிவிட்டது. ரசம் சோற்றை ஐந்து விரலும் போட்டுப் பிசைந்து தின்ற அன்று மகளைத் தூக்கிவைத்துக்கொண்டு அறைக்குள் ஒரு சுற்று சுற்றினாள். அதன் பிறகுதான் அந்த வீட்டில் ஒவ்வொரு எண்ணெயாக வந்து குடியேறியது.

பெயின்ட் ஷாப்பில் ஒரு சட்டம் உண்டு. தலைக்கு எண்ணெய், முகத்துக்குப் பவுடர், சென்ட், க்ரீம் இவை எதுவும் பூசிக்கொண்டு உள்ளே வரக் கூடாது. உடை மாற்றும் அறையில் பலகை எழுதி மாட்டியிருக்கிறார்கள். காரணம் இருக்கிறது. சில க்ரீம்களில், சில தைலங்களில் சிலிக்கான் என்றொரு வழவழப்பு கலந்திருக்கும். அதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி பம்பரில் பட்டால் போதும், அந்த இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் விலகிக் குழி விழும். அம்மைத் தழும்பு மாதிரி இருக்கும். குழி விழுந்த பம்பர் குப்பைக்குத்தான். தலைக்கு எண்ணெய் வைக்காமல் வேலைக்குப் போகிற பெண்களைத் தமிழ்நாட்டில் அங்கேதான் மொத்தமாகப் பார்க்க முடியும். பலகையில் சோப்பு இல்லை. குளிக்காமல் வா என்று எந்தக் கம்பெனி சொல்லும்?

இந்த வருட ஆயுத பூசைக்கு முப்பிடாதிக்கு ஓர் ஆசை வந்தது. துடைக்கிற பிரிவில் அவளைச் சேர்த்து பத்தொன்பது பேர். மற்ற எல்லோருக்கும் கை வெடிப்பு உண்டு. ஆகஸ்ட் மாதமே உட்கார்ந்து பதினெட்டு சோப்பு செய்து காயவைத்து, பூசையன்று பொரி கடலையோடு ஆளுக்கொன்று கொடுத்தாள். பூசையும் அதை ஒட்டிய விடுமுறையும் நாலு நாள். ஊருக்குப் போனவர்கள், ஹாஸ்டலில் இருந்தவர்கள் எல்லோரும் அந்த சோப்பைத் தேய்த்துக் குளித்து, திங்கள்கிழமை மணக்க மணக்க வந்து இறங்கினார்கள். சூப்பர்வைசர் ஜெபகுமார்கூட, இன்றைக்கு லைன் கோயில் மாதிரி இருக்கிறதே என்று சிரித்தார்.

பத்து மணிக்கு அவர் சிரிப்பு நின்றது. பெயின்ட் காயவைக்கும் உலையிலிருந்து வந்த பம்பர்களில் குழி. ஒன்று இரண்டு இல்லை, வரிசையாகக் குழி. செவ்வாய்க்கிழமை இன்னும் கூடியது. துடைக்கிற துணியை மாற்றினார்கள், கையுறையை மாற்றினார்கள், காற்று வரும் குழாயைக் கழற்றிப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. முப்பிடாதி மட்டும் முதல் நாளே கணக்குப் போட்டுவிட்டாள். எண்ணெய் மிச்சம் வைத்துச் செய்த சோப்பு. இத்தனை வருடம் அவள் ஒருத்தி தேய்த்தபோது ஒன்றும் ஆகவில்லை, இப்போது இன்னும் பதினெட்டுப் பேர் உடம்பில். பூசைக்கு முன் குழி இல்லை, பூசைக்குப் பின் குழி. இதைக் கூட்டிப் பார்க்க இன்ஜினியர் படிப்பு எதற்கு?

புதன்கிழமை லாக்கர்களைத் திறந்தார்கள். சுகப்பிரியாவின் லாக்கரில் உதட்டுக்குப் பூசுகிற சின்ன டப்பா ஒன்று கிடைத்தது. சுகப்பிரியாவுக்கு இருபது வயது, வேலைக்கு வந்து ஆறு மாதம். ஹாஸ்டலுக்குப் போன பிறகுதான் பூசிக்கொள்வேன் என்று நின்றபடியே அழுதாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று நாளாகக் குற்றவாளியைத் தேடுகிறவன் கையில் ஒரு டப்பா கிடைத்தால் அவன் அதை விடுவானா? விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று கேட் வரை கொண்டுபோய் விட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான் என்று முப்பிடாதிக்குத் தோன்றியது. பாவம் தன்னிடம் இருக்கிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அன்று மாலை சக்திகுமார் வேலைக்குக் கிளம்பும்போது எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே கேட்டான். பிறகு, "உன்கிட்ட யாராவது கேட்டாங்களா? இல்லல்ல. வாய மூடிட்டு இரு. லிஸ்டு வாற நேரம்" என்றான். அவன் கெட்டவன் இல்லை. பதினைந்து நாள் பொறுத்தால் ஏழு வருடக் காத்திருப்புக்குப் பலன் கிடைக்கும் என்கிற கணக்கு அவனுடையது. கணக்கில் தப்பில்லைதான். முப்பிடாதியும் அதையேதான் போட்டுப் பார்த்திருந்தாள். ஆனால் ஒவ்வொரு தடவையும், கேட் பக்கம் நடந்துபோன சுகப்பிரியாவின் முதுகு நடுவில் வந்து நின்றது.

வியாழக்கிழமை காலை ஒரு சோப்பை பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு நேரே தரக்கட்டுப்பாட்டு அறைக்குப் போனாள். அங்கே இருந்தவள் ஐஸ்வர்யா. இன்ஜினியர்தான், ஆனால் முப்பிடாதியைவிட ஐந்து வயது சின்னவள்.

"மேடம், அந்தப் புள்ள மேல தப்பு இல்ல. தப்பு எம்மேல" என்று பையை மேசையில் வைத்தாள். "இது நான் செஞ்ச சோப்பு. எண்ணெய் மிச்சம் வச்சுச் செய்யுதது. பூசைக்கு எல்லாருக்கும் குடுத்தேன். அதத்தான் தேச்சுக் குளிக்காவ."

ஏழு வருடமும் அந்த மேசையில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கிடப்பதாக நினைத்தாள். ஐஸ்வர்யா சோப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கோபப்படவில்லை.

"இத வேற யார்கிட்டயாவது சொன்னீங்களாக்கா?"

"உங்ககிட்டதான் மொதல்ல."

"அப்ப யார்கிட்டயும் சொல்லாதீங்க. டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாம்."

நாலு சோதனைத் தகடுகள் எடுத்தார்கள். ஒன்றை வழக்கம்போலத் துடைத்தது. இரண்டாவதை, முப்பிடாதி தன் சோப்பில் கை கழுவி, கையுறை போட்டுத் துடைத்தது. மூன்றாவதில் சோப்பு தேய்த்துக் கழுவிய வெறுங்கையால் அழுந்தத் தொட்டு, பிறகு துடைத்தது. நாலாவதில் சுகப்பிரியாவின் டப்பாவிலிருந்து கொஞ்சம் தடவி, பிறகு துடைத்தது. நாலுக்கும் பெயின்ட் அடித்து, சோதனைக்கென்று தனியாக இருக்கிற சின்ன உலைக்குள் விட்டார்கள். காய்ந்து வர முக்கால் மணி நேரம் ஆகும். முப்பிடாதி பம்பர் காய்கிற பெரிய உலைக்குப் பக்கத்து நடைவழியில் முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். ஊரில் தன் பெயருக்குச் சொந்தக்காரியான அம்மனிடமே முறையிட்டாள். பேரைக் கொடுத்தாயே, வேலையையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளேன் என்று அதட்டலாகத்தான் வேண்டினாள்.

தகடுகள் வந்தன. நாலும் கண்ணாடி போல இருந்தன. ஒரு குழி இல்லை. ஐஸ்வர்யா விளக்கைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் எல்லாம் அந்தத் திரவத்தில் துடைத்தால் போய்விடுமாம். துடைத்தும் போகாதது சிலிக்கான்தான். "உங்க சோப்புல சிலிக்கான் இல்லக்கா. அந்தப் பொண்ணு டப்பாவுலயும் இல்ல."

முப்பிடாதியின் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அங்கேயே நடைவழித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்படி உட்காரக் கூடாது என்று சொல்ல, தகடுகளைப் பார்க்க வந்திருந்த ஜெபகுமார் வாயைத் திறந்து, என்னவோ நினைத்து மூடிக்கொண்டார்.

சரி, அப்படியானால் சிலிக்கான் எங்கிருந்து வருகிறது? ஐஸ்வர்யா அதைத்தான் கேட்டாள். முப்பிடாதி உட்கார்ந்த இடத்திலிருந்தே, இங்கே எலுமிச்சை வாசனை அடிக்கிறது என்றாள். ஜெபகுமாருக்கு எரிச்சல் வந்தது. உன் சோப்புதானே அம்மா அடிக்கும் என்றார். இல்லை என்றாள் அவள். தினம் எலுமிச்சைப்புல் எண்ணெயோடு புழங்குகிறவளுக்கு எது புல், எது பழம், எது பாட்டிலில் அடைத்த பொய் என்று தெரியும். இது மிட்டாய் வாசனை. சூடு ஏறும்போது தூக்கலாக அடிக்கிறது, ஆறினால் அடங்குகிறது. எழுந்து மூக்கை நீட்டிக்கொண்டே நடந்தாள். பம்பர்களை மாட்டி உலைக்குள் அனுப்புகிற டிராலிகள் வரிசையாக நின்றன. அவற்றில் ஒன்றின் கம்பியருகே குனிந்தாள். கம்பி வழக்கத்துக்கு அதிகமாகப் பளபளத்தது.

"மேடம், இங்க வந்து பாருங்க" என்றாள்.

டிராலிகளைப் பராமரிப்பவர் மாரி. தண்டலத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும், ஒரு நாளும் லீவு போடாதவர். கூப்பிட்டுக் கேட்டதும் அவருக்கு எதற்குக் கேட்கிறார்கள் என்றே முதலில் புரியவில்லை. பெருமையாகத்தான் சொன்னார். "வருசா வருசம் பூசைக்கு நான்தான் தொடைப்பேன். இந்த வாட்டி நல்லா பளபளன்னு இருக்கட்டுமேன்னு, கார் டேஷ்போர்டுக்குப் போடுவாங்களே பாலிஷு, லெமன் வாசனையா கீதேன்னு ரெண்டு பாட்டில் வாங்கினு வந்து அடிச்சேன். சாமிக்குத்தானே."

பாட்டிலைக் கொண்டுவந்தார்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் சிலிக்கான் என்று இருந்தது. டிராலிகள் உலைக்குள் போய்ச் சூடேறும்போதெல்லாம் அந்தப் பாலிஷ் ஆவியாகி எல்லாப் பம்பர்மேலும் இறங்கியிருக்கிறது. பூசை போட்டதே இயந்திரங்கள் நன்றாக ஓட வேண்டும் என்றுதான். சாமி என்ன செய்யும், அதற்கு இங்கிலீஷில் எழுதிய பாட்டிலைப் படிக்கத் தெரியுமா? விஷயம் புரிந்ததும் மாரியின் முகத்தில் ஈ ஆடவில்லை. "என்னை இன்னா பண்ணுவாங்க?" என்று முப்பிடாதியைத்தான் கேட்டார். அந்தக் கேள்வியோடு நாலு நாள் குடித்தனம் நடத்தியவள் அவள். அவர் தோளைத் தொட்டுவிட்டு, ஐஸ்வர்யா பக்கம் திரும்பி, பலகையில் பாலிஷ் என்று எழுதவே இல்லையே மேடம் என்று மட்டும் சொன்னாள்.

ஐஸ்வர்யா அதையே அறிக்கையில் எழுதினாள். மாரிக்கு ஒரு மெமோவோடு போயிற்று. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று சொல்லிக்கொண்டே இரண்டு நாள் உட்கார்ந்து அத்தனை டிராலிகளையும் சுரண்டிக் கழுவினார். திங்கள்கிழமை வந்த பம்பர்களில் குழி இல்லை. சுகப்பிரியாவுக்கு ஜெபகுமாரே போன் செய்து வரச் சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை, ஆனால் அவள் உள்ளே நுழைந்தபோது "வாம்மா, வாம்மா" என்று இரண்டு தடவை சொன்னார். சூப்பர்வைசர்கள் அகராதியில் அது பெரிய மன்னிப்புதான். சுகப்பிரியா முப்பிடாதியிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவள்தான், மணி அடிக்கப் போகுது, கையுறையைப் போடு என்று விரட்டினாள்.

ஆனால் முப்பிடாதிக்கு முழு மூச்சு இன்னும் வரவில்லை. அறிக்கையில் அவள் சோப்பும் ஏறியிருந்தது. எந்த ஆபரேட்டர், என்ன சோப்பு, யாருக்கெல்லாம் கொடுத்தாள் என்று எல்லாம். நல்லதுக்குச் சொன்னாள் என்று மேலே இருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்களா, அல்லது எதையாவது காய்ச்சிக் கொண்டுவந்து லைன் முழுக்க விநியோகிக்கிற ஆள் நமக்கு எதற்கு என்று நினைப்பார்களா? கம்பெனிகளோடு பதிமூன்று வருடம் பழகியவளுக்கு இரண்டாவதுதான் நடக்கும் என்று பட்டது. தீபாவளி வந்தது, போனது. புது சோப்பு காய்ச்ச அவள் பாத்திரத்தை எடுக்கவில்லை. கிளாரா வந்து கேட்டதற்கு, எண்ணெய் தீர்ந்துபோச்சு என்று பொய் சொன்னாள்.

லிஸ்ட் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறிய பிறகு, யாரோ அறிவிப்புப் பலகையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். முப்பிடாதி போனை முகத்தருகே வைத்துப் பார்த்தாள். ஐந்தாவது பெயர். பஸ்ஸில் யாரிடமும் சொல்லவில்லை. மண்ணூரில் இறங்கும்வரை போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். இறங்கியதும் ஓடினாள்.

வீட்டில் சக்திகுமார் இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். ஷிஃப்ட் வீடுகளில் ஒரு சட்டம் உண்டு. கூரையே விழுந்தாலும் பகலில் தூங்குகிறவரை எழுப்பக் கூடாது. எட்டு வருடத்தில் முதல்முறையாக அதை மீறி அவனைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏங்க, எந்திரிங்க."

அவன் பதறி எழுந்து, பாப்பாவுக்கு என்ன என்றான்.

"பாப்பா ஸ்கூல்ல இருக்கா. எம்பேரு வந்துட்டு."

அவன் போனை வாங்கி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, அவள் பெயரைச் சத்தமாகப் படித்தான். தகப்பனார் பெயரின் முதல் எழுத்தோடு சேர்த்து இன்னொரு தடவை படித்தான். பிறகு பாயில் நகர்ந்து இடம் விட்டு, தலையணையில் பாதியைத் தள்ளினான்.

"படு. நாலு மணிக்கு நான் போயி பாப்பாவக் கூட்டிட்டு வாரேன்."

கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றாமல், கழுத்தில் அடையாள அட்டையோடு அவள் படுத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் பாதியிலேயே தூங்கிப்போனாள். அவளுக்குக் குறட்டை விடும் பழக்கம் உண்டு என்பது சக்திகுமாருக்கு அன்றுதான் தெரியவந்தது. மணி நாலாகும்வரை அவன் அதைக் கேட்டுக்கொண்டே விழித்திருந்தான்.